வெள்ளிக்கிழமைக்குள் பிரான்ஸ்

யூன் 16, திங்கள்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. காலையிலிருந்து வாய்க்குள் மண். யன்னலைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் மேசையெல்லாம் தூசி. துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று, மூன்றாம் நாளாக அசையாமல்.

செய்ய: உயர்தர வகுப்பு விடைத்தாள் 31. மின்விசிறி திருத்த ஆள். அரை இறாத்தல் பாண் (முழுசு வாங்கினால் பூஞ்சணம்).

பாலையூற்றிலிருந்து அக்கா போன் எடுத்தா.

"இந்தக் கலியாணத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள ஓமோ இல்லையோ சொல்லு. அந்த மனுசனுக்கு வேறை இடத்திலையும் பாக்கினம். உனக்கு நாப்பத்தி நாலு, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருக்கிறது.

அந்த மனுசன்: மகேந்திரன் (இனி ம.). 52 வயது. மனைவி இறந்து நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, சொந்தம். பாரிஸில் ஓர் உணவகத்தில் சமையல். மூன்று கிழமையாகப் போனில் கதைக்கிறோம். அங்கே மத்தியானச் சாப்பாட்டு வேலை மூன்று மணிக்கு முடியும். இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்குத் திரும்பவும் உள்ளே. வீட்டுக்குப் போய்வர ரயிலில் மூன்று மணித்தியாலம் ஆகும் என்பதால் போவதில்லை. வெயில் காலத்தில் பூங்காவில் ஒரு வாங்கில் இருப்பார். குளிர் காலத்தில், மெஷினில் உடுப்புத் தோய்க்கும் கடை. உள்ளே சூடாக இருக்குமாம். அந்த இடைவெளியில்தான் எனக்குப் போன் எடுப்பார். இங்கே ஆறரை.

எனக்கு இப்படித்தான் யோசிக்க வரும்: கொப்பியின் நடுவே கோடு, இரண்டு நிரல். பொருளியல் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல.

பிரான்ஸ், பலம்: விமானம், மருந்து, வாசனைத் திரவியம், வைன். மின்சாரத்தில் பெரும்பகுதி அணுவிலிருந்து. உல்லாசப் பயணிகள். உற்பத்தித்திறன் (மணித்தியாலத்துக்கு) உயர்வு. எல்லாருக்கும் வைத்தியம். கிழமைக்கு 35 மணித்தியால வேலை.

பலவீனம்: அரச கடன். இளம் ஆட்களுக்கு வேலையின்மை. உழைப்பின் மேல் வரிச்சுமை. பென்சன் வயதில் கைவைத்தால் தெருவுக்கு வந்துவிடுவார்கள். குடியேறியவர்களை நகரத்தின் விளிம்பில் ஒதுக்கி வைத்தது.

வாசித்துப் பார்த்தேன். நல்ல விடை. பத்துக்கு எட்டுப் போடலாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

யூன் 17, செவ்வாய்

ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை ஜெஸீமா டீச்சருக்கு. கிண்ணியாவிலிருந்து வருபவ. புவியியல். அவவுக்கு மட்டும்தான் சொன்னேன்.

"போங்க டீச்சர். போய்ப் பாத்துட்டு, புடிக்கல்லண்டா அடுத்த பிளேன்ல வாங்க."

"வேலையை விட்டிட்டல்லோ போகவேணும்."

"அப்ப போகாதீங்க. இதுக்கு ஏன் மூஞ்சிய இப்புடி வெச்சிருக்கீங்க, மகளக் கட்டிக் குடுக்கிற உம்மா மாதிரி?"

சிரித்தோம். அதற்குள், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வாசலால் தலையை விட்டு அவவின் சோற்றுப் பார்சலை இழுத்தது. கோடு போடும் அடிமட்டத்தோடு துரத்திக்கொண்டு ஓடினா.

6.35க்கு ம. நிரல்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"உற்பத்தித்திறன் எண்டு போட்டிருக்கிறீங்கள், அது என்ரை கைதான் டீச்சர். மணித்தியாலத்துக்கு நாப்பது தட்டு."

"முப்பத்தஞ்சு மணித்தியாலம்?"

"அது சம்பளத் தாளிலை."

வேலையின்மை பற்றிக் கேட்டேன். வந்த நாள் துவக்கம் அவர் வேலை இல்லாமல் இருந்ததே இல்லையாம். "பக்கத்து வீட்டு அல்ஜீரியக்காரியின்ரை மகள் அங்கை பிறந்து அங்கை பட்டம் எடுத்தவ. ரெண்டு வருசமா வீட்டிலை. பேரை வாசிச்ச உடனை விண்ணப்பத்தை அங்காலை வைச்சிடுவினமாம்."

வைத்தியம் என்றதும் குரல் மாறிவிட்டது. மனைவிக்குப் புற்றுநோய். இரண்டு வருடம் ஆஸ்பத்திரி, மருந்து, கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து பார்த்த தாதி. ஒன்றுக்கும் பில் வரவில்லை. "அந்த நாட்டை நான் குறை சொல்லமாட்டன்."

பிறகு, நான் கேட்காமலே: "செத்து மூண்டாம் நாள் லிஃப்டிலை மேல்மாடி மனுசி ஒருத்தி, உங்கடை மனைவியைக் காணேல்லையே எண்டு கேட்டா. செத்துப்போனா எண்டு சொல்லப் பாஷை தெரியும். சொன்னன். அவ அழத் தொடங்கிட்டா. அதுக்குப் பிறகு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அப்ப வந்து பதினேழு வருசம். சூடு, கெதியா, பின்னாலை வாறன். குசினிப் பாஷை மட்டும்தான் இருந்தது."

இதை எந்த நிரலில் போடுவது? இரண்டிலும் போட்டேன்.

பத்தொன்பது வருடம் நின்றுகொண்டு கதைத்தே சம்பளம் எடுத்தவள். அங்கே போனால், அந்த லிஃப்டில் நான் ஊமை.

யூன் 18, புதன்

ஆறரை. ஏழு. ம. எடுக்கவில்லை.

போனைக் குளியலறை யன்னலில் வைத்துவிட்டுக் குளித்தேன். விடைத்தாள் 9 முடிந்தது. கீழ்வீட்டில் ரீவி, சிரிப்பு. சூடை மீன் நாலு பொரித்தேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கதைத்தது மீன்காரரிடம் மட்டும். "போதும்." ஒரு சொல். ஏழேமுக்காலுக்கு, குரல் இருக்கிறதா என்று பார்க்க இருமினேன்.

சுகமில்லையோ? விபத்தோ? அக்கா சொன்ன வேறை இடமோ? நானே எடுக்கலாம். இதுவரை ஒருநாளும் எடுத்ததில்லை. எடுக்கவில்லை.

யூன் 19, வியாழன்

6.32. சுகமாகத்தான் இருக்கிறார்.

"நேற்று ரயில் ஓடேல்லை டீச்சர். ஸ்ட்ரைக். முதலாளி வராதை எண்டிட்டார். பத்து மணி மட்டும் நித்திரை. கணவாய்க் கறி வைச்சன். படம் ஒண்டு பாத்தன்."

"போன் எடுத்திருக்கலாமே."

அந்தப் பூங்காவில் யாரோ பந்து அடிக்கிற சத்தம்.

"வீட்டிலை இருக்கேக்கை நினைவு வரேல்லை. பொய் சொல்லி என்ன."

பொய் சொல்லாதது நல்லது. என்றாலும்: வீடு இருக்கிற நாளில் நான் தேவையில்லை. இருக்க இடமில்லாத மூன்று மணித்தியாலத்துக்குத்தான் நான்.

சரி, நான் மட்டும்? எதிர்பார்த்தது இந்த மனுசனையா, ஆறரை மணியையா? அவருடைய முகம் நினைவுக்கு வர, அக்கா தந்த படத்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதையை மாற்றத்தான் ஓகஸ்ட் பற்றிக் கேட்டேன். உணவகம் அந்த மாதம் முழுக்கப் பூட்டாம். எல்லாருக்கும் வருடத்தில் ஐந்து கிழமை லீவு, சம்பளத்தோடு, சட்டப்படி.

"அப்ப நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"சிநேகிதன்ரை கடையிலை வேலை. ஒவ்வொரு ஓகஸ்டும். லீவெண்டு ஒருநாளும் எடுத்ததில்லை. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது டீச்சர்."

ஒரு நாடே சண்டை பிடித்து வாங்கிய லீவு. இந்த மனுசன் இருபத்தொரு வருடமாக அதைத் தொடவே இல்லை.

என் வாயால்தான் வந்தது: "அந்த அஞ்சு கிழமையையும் எடுத்துக்கொண்டு இங்கை வாங்கோ. வேலை இல்லாமல் ரெண்டு பேரும் எப்பிடி இருக்கிறம் எண்டு பாப்பம். அதுக்குப் பிறகு பதில் சொல்லுறன்."

"யோசிக்கிறன் டீச்சர்." ஆறு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. வைத்துவிட்டார்.

யூன் 20, வெள்ளி

அக்கா இரண்டு தரம் எடுத்தா. நான் தூக்கவில்லை.

4.10. பஸ் நிலையத்துக்கு முன்னால் மாம்பழம் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கிறேன். போனில் ம. அங்கே 12.40, சாப்பாட்டு வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். பின்னால் தட்டுச் சத்தம், யாரோ அந்தப் பாஷையில் கத்துகிறார்.

"டீச்சர், பத்து நாள் எண்டால் வரலாம்."

"அஞ்சு கிழமை எண்டல்லோ சொன்னனான்."

"ஏலாது. சிநேகிதனுக்கு வாறனெண்டு சொல்லிப்போட்டன்."

"நாலு."

"முதலாளி பாத்துக்கொண்டு நிக்கிறார் டீச்சர்."

"சரி, மூண்டு."

மாம்பழக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எண்ணிக் குடுக்கிறேல்லை தங்கச்சி. கிலோக் கணக்கு."

அங்கே ஏதோ விழுந்து உடைந்தது. கத்தல் கிட்ட வந்தது. "பதினெட்டு நாள். அதுக்கு மேலை கேக்காதீங்கோ." கட் ஆகிவிட்டது.

ஒரு கிலோ வாங்கினேன். தனி ஆளுக்கு அது கூடுதல்தான்.

அக்காவுக்கு எடுத்தேன்.

"ஓமோ இல்லையோ?"

"ஓகஸ்டிலை பதினெட்டு நாள் வாறார்."

"அதென்ன பதில்?"

"இப்ப அதுதான் பதில்."

"வந்த பிறகு நீ மாட்டன் எண்டால் சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும்."

மூச்சு விட்டா. பிறகு, அவர் தன் வீட்டு முன்னறையில் தங்கலாம், கட்டில் ஒன்று போடலாம் என்றா.

விடைத்தாள் மிச்சம் 14. ஒன்றும் ஓடவில்லை. நேரே கண்டால் அவரை என்னவென்று கூப்பிடுவது? மூன்று கிழமையாக ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் கதைத்திருக்கிறேன்.