டில்லிக்கு ரெண்டரை மணி நேரம்

ஆசை அண்ணிக்கு,

வல்லத்துல இன்னிக்கும் நல்ல காத்து. வூடு பூரா வேப்பம்பூ உதிர்ந்து கெடக்குது, யாரும் பெருக்கல. காரணம் உங்களுக்குத் தெரியாததா?

அண்ணன் டில்லி வேலைக்குப் பொட்டியைத் தூக்கினா நம்ம வூட்ல துடைப்பம் மூலைக்குப் போயிடும். போனவங்க போய்ச் சேர்ற வரைக்கும் வூட்டைப் பெருக்கக் கூடாதுங்கறது ஊர் வழக்கம். மத்தவங்க ஒரு பொழுது பார்த்துட்டு வுட்டுடுவாங்க. நீங்க மட்டும், அவர் ரயில் டில்லி போய் நிக்கிற வரைக்கும், ரெண்டு ராத்திரியும் குப்பை மேலயே பாய் விரிச்சுப் படுப்பீங்க. "அண்ணி, இது வூடா, நெல்லடிக்கிற களமா?"ன்னு நான் கத்துவேன். சிரிச்சுகினு திரும்பிப் படுத்துக்குவீங்க.

அப்புறம் ஒரு தடவை, மெஷின் ரிப்பேர் அவசரம்னு கம்பெனியே அண்ணனை விமானத்துல அனுப்பிச்சுது. மீனம்பாக்கத்துல கிளம்பின ஒரு விமானம் நம்ம வயலுக்கு மேல வந்துச்சு. அதுலதான் அண்ணன் போறாருன்னு நீங்களே முடிவு கட்டி முந்தானையை ஆட்டினீங்க. அது மேகத்துல கரைஞ்சு போற வரைக்கும் வாயைப் பொளந்துகினு நின்னோமே! ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல கீது, ஆனா ரெண்டரை மணி நேரத்துல இறங்கிடுவாரு, பொழுது சாயறதுக்குள்ள பெருக்கிடலாம்னு நான் துடைப்பத்தை எடுத்தேன். வெடுக்குன்னு புடுங்கினீங்க.

"போடி இவளே! ஆளுதான் பறக்கும். மனசு இன்னும் பக்கத்து ஊரு படப்பையே தாண்டியிருக்காது. அது மெதுவாத்தான் போய்ச் சேரும்."

அன்னிக்கும் ரெண்டு ராத்திரி. எனக்கு வந்த கோவம் இருக்கே!

இப்போ இங்கத்திய சேதி கேளுங்க. தந்தி கெடைச்ச அன்னிக்கே அண்ணன் விமானம் ஏறி, உங்களைத் தூக்கறதுக்குள்ள வந்துட்டாரு. ஆனா அழல. மரமாட்டம் நின்னாரு. உங்க தலை வாசலைத் தாண்டினதும் பெரியம்மா துடைப்பமும் தண்ணியுமா வந்தாங்க. அண்ணன் குறுக்க நின்னுட்டாரு.

"பெருக்காதீங்க. அவ இப்பத்தானே கிளம்பறா."

"இன்னாடா பேசற? செத்த வூட்டைக் கழுவாம வுடுவாங்களா?"

அவர் நகரவே இல்ல.

மூணாம் நாள் காலையில, வாசப்படியில உக்காந்து ஓன்னு அழுதாரு. ரெண்டு ராத்திரி கழிச்சு, அண்ணி! அவர் மனசு அப்பத்தான் வந்து சேர்ந்துச்சு. நீங்க சொன்னது சரிதான்னு சொல்ல உங்களைத் தேடினேன். எங்க போவேன் நான்?

அழுது முடிச்சு என்னைக் கேட்டாரு. "அவ போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகும், செல்வி?"

டில்லிக்குன்னா ரெண்டரை மணி நேரம்னு சொல்லிடுவேன். நீங்க எதுல போறீங்க? தனியாவா போறீங்க?

இனி அண்ணன் எப்போ டில்லிக்குக் கிளம்பினாலும், எதுல போனாலும், உங்களாட்டம் ரெண்டு ராத்திரி நான் பெருக்க மாட்டேன். உங்க பயணத்துக்கு எனக்குக் கணக்கு தெரியல. பெரியம்மா கத்தினா கத்தட்டும். நீங்க பத்திரமா போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு என் மனசு சொல்ற வரைக்கும் துடைப்பம் மூலையிலதான் கெடக்கும். அவசரமே இல்ல, மெதுவா போங்க அண்ணி.

குப்பை மேல பாய் விரிச்சுப் படுத்திருக்கற
உங்க நாத்தனார்,
செல்வி