டொன் அன்செல்மோ எங்கள் வீட்டில் இருந்த காலம்

8 மார்ச் 1987, வால்தம்ஸ்டோ
நூலகத்தில் எடுத்த ஒரு வாழ்க்கைச் சரித்திரத்தை என் கணவர் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறார். டொன் அன்செல்மோ வில்யெகாஸ், போன நூற்றாண்டில் தென் அமெரிக்காவில் வழக்கறிஞராயிருந்து மந்திரியானவர். விசாரணையில்லாமல் எவரையும் சுடக்கூடாது என்று சட்டம் எழுதியதற்காகத் துரத்தப்பட்டு, இதே லண்டனில் ஒளிந்திருந்தவர். யாழ்ப்பாணத்தில் வழக்காடிய இவருக்கு இப்போது பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். எழுதும்போது மட்டும் முதுகு நிமிர்கிறது.

2 ஏப்ரல்
"அன்செல்மோவுக்கும் இந்தக் குளிர் ஒத்துவரேல்லை," என்கிறார். சாப்பாட்டு மேசையில் மூன்றாவது ஆள்.

2 ஓகஸ்ட்
இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டது.
"நான் ஊருக்குப் போகப்போறன், மலர். ஆட்சி மாறின உடனை அன்செல்மோ கப்பலேறினவர்."
"ஏறிப்போய்?"
கடைசி அத்தியாயத்தை நானே படித்தேன். திரும்பிப் போனவரை நீதிமன்றப் படியில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். அழுது காலைப் பிடித்தேன். போகாமல் நின்றுவிட்டார்.

18 ஒக்டோபர்
ஊரில் திரும்பவும் சண்டை, இப்போது இந்தியப் படையோடு. ஓகஸ்டில் ஊருக்குப் போன இவருடைய கூட்டாளி, வக்கீல் தியாகராஜா, ஷெல் விழுந்து செத்துப்போனார். நான் செய்தது சரிதானே? சரிதானா? இவர் என்னோடு பேசுவதில்லை. எழுதுவதையும் விட்டுவிட்டார்.

11 பெப்ரவரி 1989
பக்கத்து அறையில் நடக்கும் சத்தம். இவர்தான். எட்டிப் பார்க்கப் பயமாக்கிடக்கு. புத்தகத்து முதற்பக்கப் படத்தில் அன்செல்மோவுக்கு உள்ள அதே குழிவிழுந்த கண் இவருக்கும் வந்துவிட்டது — பார்த்தால் அந்த மனுசன்தான் நிற்பானோ?

5 ஏப்ரல் 1990
இந்தியப் படை வெளியேறிவிட்டது.
"பிடிபட்ட பெடியளுக்காக நிண்டு கதைக்க அங்கை ஒருத்தரும் இல்லை," என்றார். இத்தனை காலத்தில் இவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வசனம்.
"போங்கோ," என்றேன்.
நானா சொன்னேன்?

14 ஏப்ரல்
ஹீத்ரோவில் விட்டுவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

20 ஜூன்
ஊரில் மறுபடி சண்டை, இம்முறை இலங்கை இராணுவத்தோடு. போன் எடுபடவில்லை.

1 டிசம்பர் 1991
மன்னாரிலிருந்து வந்து இல்ஃபோர்டில் தங்கியிருக்கும் கஸ்பர் தேடிக்கொண்டு வந்தான். ஊரில் இவரைக் கண்டவன்.
"பிள்ளையளைத் தேடுற தாய்மாருக்காக அண்ணை முகாம் முகாமாப் போய்க் கேட்டவர், அக்கா. ஒருநாள் ஜீப்பிலை வந்து கூட்டிக்கொண்டு போனவை."
"ஆர்?"
"தெரியாது."
"பேந்து என்ன நடந்தது?"
குனிந்துகொண்டான்.
மெல்லிய சட்டையோடு நடுங்கினான். இவர் விட்டுப்போன கோட்டைப் போட்டு அனுப்பினேன். அவன் பஸ் தரிப்பிடத்தை அடையுமுன் ஓடிப்போய், "தம்பி, உமக்கு வேறை ஒண்டு வாங்கித் தாறன்," என்று சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.