கரையில் யாரும் இல்லை என்று சொன்னவன்

பன்றிகளையும் என்னையும் ஒரே குரலில் சாப்பிடக் கூப்பிட்ட ஐசக் அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கச்சால் தீவில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் ரப்பர் பால் வெட்டுகிறேன். கப்பல் வரும் என்கிறார்கள், வருவதில்லை.

சுனாமிக்குப் பிறகு உங்கள் ஊரையே மேட்டில் ஏற்றிச் சர்க்கார் கொடுத்த தகர வீடுகள் துருப்பிடித்து ஒழுகுகின்றன. வெயிலில் உள்ளே இருக்க முடியாது, மழையிலும் முடியாது. குழாயில் ஒருநாள் தண்ணீர், மறுநாள் வெறும் காற்று. “அந்தக் காத்தையாவது வீட்டுக்குள்ள விட்டுருக்கலாம் அண்ணி” என்றேன். அண்ணி சிரித்தார். அதுவும் களைத்த சிரிப்புதான்.

சாயங்காலம் ஆனால் தேங்காயை உடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டு பழைய ஊருக்கு, கடற்கரைக்கு, இறங்கிவிடுகிறார். உன் பன்றிகள் இன்னும் அங்கேதான். உங்களை எல்லாம் மேட்டுக்கு ஏற்றியவர்களால் அதுகளை ஏற்ற முடியவில்லையே.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கரைக்கே திரும்பிப் போக நீ மனுப் போட்டாய் அல்லவா? அதை விசாரிக்க ஓர் ஆபீசர் வந்தபோது நீ காய்ச்சலில் கிடந்தாய். உங்கள் பேச்சும் இந்தியும் தெரிந்தவன் என்று என்னைக் கூட்டிப் போனார். கரையில் நின்று, “இங்க இப்ப யாரு இருக்காங்க?” என்று இந்தியில் கேட்டார். என் வாய்தான் சும்மா இருக்காதே. “பன்னியும் பேயும்தான் சாப்” என்றேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கேலியை எல்லாம் காகிதத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

இந்த மாதம்தான் பதில் வந்தது. உன் மகள் படித்துக் காட்டினாள். பழைய ஊரில் யாரும் புழங்கவில்லை என்று உள்ளூர் ஆளே சொல்லிவிட்டாராம், அதனால் அனுமதி இல்லையாம். “யாரு மாமா அந்த உள்ளூர் ஆளு?” என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்று கிளம்பி வந்துவிட்டேன். அது நான்தான் என்று தெரியாமலே போய்விட்டாயே, நல்லதா அண்ணே, கெட்டதா?

இரண்டு நாள் கழித்து அண்ணியிடம் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன். கூடையை என் கையில் கொடுத்தார். “நீயே போய்க் கூப்பிடு. யாரும் இல்லையான்னு பாரு.”

கூப்பிட்டேன். உன் குரல் மாதிரி வரவில்லை. ஆனாலும் புதருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. கிழட்டுப் பன்றியின் காதில், இது உன்னுடையது என்று நீ வெட்டிய அடையாளம் அப்படியே இருந்தது. பின்னால் வந்த குட்டிகளின் காதிலும் அதே வெட்டு, இன்னும் காயாமல். அண்ணி போட்டது. பேயா வந்து காது வெட்டும்?

மகள் மறுபடி மனு எழுதியிருக்கிறாள். சாட்சி என்ற இடத்தில் எழுத்துக்கூட்டி நானே என் பெயரைப் போட்டேன். ஆபீசர் வந்தால், சாயங்காலம் அண்ணி கூப்பிடுகிற நேரத்துக்குத்தான் கரைக்குக் கூட்டிப் போவேன். முதலில் குட்டிகளின் காதைக் காட்டுவேன். பிறகு, “அன்னைக்கு நான் சொன்னது தப்பு சாப், இதை எழுதுங்க” என்பேன். எழுதி முடிக்கும்வரை நான் சிரிக்க மாட்டேன், அவரையும் சிரிக்க விடமாட்டேன்.

உன் கூடையில் தின்ற ரப்பர் தோட்டத்துத் தம்பி,
முத்தையா