அக்கா கேட்ட இரண்டாவது நாய்

எனக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய பாக்கியம் அக்காவுக்கு,

போன வெள்ளிக்கிழமை உன் மகள் ராசாத்தி நரிக்குடியிலிருந்து பஸ் ஏறி, அருப்புக்கோட்டைக்கு என்னைத் தேடி வந்தாள். நீ விட்டுப்போன ஆடுகள் பெருகியும் செத்தும் இப்போது முப்பத்தைந்து உருப்படி அவளிடம் நிற்கின்றன. காவலுக்குக் கறுப்பன் என்று ஒரே ஒரு நாய். வயது ஒன்றேகால். வைத்த காப்பியைத் தொடாமல் கேட்டாள்: "மாமா, இன்னொரு நாய் எப்பக் கொண்டாரலாம்?"

நீ கேட்ட அதே கேள்வி. அறுபத்தொன்பதாம் வருசம் நீ கேட்டபோது என்னிடம் பதில் தயாராக இருந்தது. மதுரையில் நாய் வளர்க்கிற ஒருவர் சொன்னதை அப்படியே உன்னிடம் சொன்னேன். முதல் நாய்க்கு இரண்டு வயது முடிந்து, சொல்பேச்சுக் கேட்டுப் பழகிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் இரண்டும் கெட்டுப்போகும். உன் நாய் செவலைக்கு அப்போது ஒன்றரை வயது. "ஊருக்கெல்லாம் சேதி எழுதுறவன், இப்ப நாய்க்கும் நாள் குறிக்க ஆரம்பிச்சிட்டியாக்கும்" என்று சிரித்தாய். ஆனாலும் பொறுத்தாய்.

நான் சொன்னது தப்பில்லை அக்கா. விவரம் தெரிந்தவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பட்டப்பகலில், வறண்ட கண்மாய்க்குள் உன் ஆடுகளுக்கு நடுவே வெறிநாய் புகுந்தது. ஒரு கிடாயின் தொண்டையைக் கிழித்தது. ஒரு சினையாட்டின் மடியைப் பிய்த்தது. செவலை பாய்ந்து அதன் குரல்வளையைக் கவ்வியது. அது சாகிறவரை விடவில்லை. செவலைக்கும் காது, மூக்கு, முன்னங்கால் எல்லாம் கடி.

மறுநாள் நான் வந்தபோது செவலையை வேலிமரத்தில் கட்டியிருந்தாய். ஆட்டுக்குக் குழை அறுக்கிற தொரட்டியை என்னிடம் நீட்டினாய். "நீயே முடிச்சிரு தம்பி. என்னால ஏலாது."

நான் வாங்கவில்லை. செவலை என்னைப் பார்த்து வாலாட்டியது. பத்திரிகைச் செய்திக்காக ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், "பத்து நாள் நாயைக் கவனியுங்க" என்று டாக்டர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதைத்தான் உனக்குச் சொன்னேன். "பத்து நாள் பாப்போம்க்கா. அதுக்குள்ள ஒண்ணும் ஆகலேன்னா பயமில்ல."

"நெசமாவா? எனக்கு இது ஒண்ணுதானலே இருக்கு" என்றாய். உன் முகம் தெளிந்தது.

பத்து நாள் என்பது மனிதரைக் கடித்த நாய்க்கு. வெறிநாயிடம் கடிபட்ட நாய்க்கு அல்ல. அதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு. செத்தவர் பெயரின் முதலெழுத்தைக்கூட இரண்டு தடவை கேட்டு எழுதுகிறவன், இதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பதினோராம் நாள் அவிழ்த்துவிட்டாய். நாற்பத்தோராம் நாள் காலையில் செவலை ராசாத்தியின் மேல் பாய்ந்தது. நீ குறுக்கே உன் இடது கையைக் கொடுத்தாய். எலும்பு தெரியக் கடித்துத் தொங்கியது. வலது கையால் தொரட்டியை எடுத்து, அதன் கழுத்தில் மாட்டி இழுத்தாய். கழுத்து பாதி அறுந்த பிறகும் பல் உன் கையை விடவில்லை. ராசாத்திதான் பல்லிடுக்கில் கம்பைக் கொடுத்து அதன் வாயை நெம்பினாள்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள். தினம் ஒன்று, தினம் அருப்புக்கோட்டைக்கு பஸ். ஏழு போட்டுக்கொண்டாய். அந்த ஏழு நாளில், நாயில்லாத உன் ஆட்டுக்கிடைக்குள் நரி வந்து இரண்டு குட்டிகளைக் குடல் சரியக் குதறிவிட்டது. ராசாத்தி ஒருத்தியால் எத்தனை ஆட்டைப் பார்க்க முடியும்? எட்டாம் நாள் நீ பஸ் ஏறவில்லை. நான் அப்போது விருதுநகரில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். இன்னொரு நாய் இருந்திருந்தால் ஏறியிருப்பாயா? என் பத்து நாளை அவ்வளவு சீக்கிரம் நம்பாமலாவது இருந்திருப்பாயா?

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கையையும் காலையும் கட்டியிருந்தார்கள். டம்ளரில் தண்ணீரைக் கண்டதும் உன் தொண்டை இழுத்துக்கொண்டது. நீ துள்ளிய துள்ளலில் கட்டில் நகர்ந்து சுவரில் இடித்தது. மணிக்கட்டில் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. பொறுக்காமல் முடிச்சில் கை வைத்தேன்.

"ஏலே, அவுத்துராத. பிள்ளையக் கடிச்சிருவேன்."

நீ தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். உன்னைப் பற்றிய செய்தியை நானே எழுதினேன். நான்கு வரி. என் பத்து நாள் அதில் இல்லை.

போன வெள்ளிக்கிழமை ராசாத்தி கேட்டபோதும் அந்த இரண்டு வயதுக் கணக்கு என் வாய்வரை வந்துவிட்டது. "கறுப்பன் இன்னும் பக்குவப்படலையே தாயி, ரெண்டும் அடிச்சுக்கிடுமே" என்றேன்.

"அடிச்சுக்கிடட்டும். நீங்களும் அத்தையும் அடிச்சுக்கிடாமலா இத்தனை வருசம் இருக்கீக?" உன் வாய்தான் அவளுக்கு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பந்தல்குடிப் பக்கம் ஒரு வெறிநாய் திரியுதாம் மாமா. கன்னுக்குட்டியக் கடிச்சிருக்கு."

மறுநாளே திருச்சுழியில் எட்டு மாதப் பெட்டை நாய் ஒன்றைப் பிடித்து, கண்டக்டரிடம் கெஞ்சி, பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினேன். பார்த்த உடனே கறுப்பன் அதன் காதைக் கிழித்தான். அதுவும் ரத்தம் ஒழுக அவன் மூக்கைப் பிடித்தது. ராசாத்தி தண்ணீரை ஊற்றிப் பிரித்தாள். இன்னும் இரண்டையும் தனித்தனியாகத்தான் கட்டுகிறாள். ராசியாக மாதக்கணக்கில் ஆகலாம். மதுரைக்காரர் சொன்னபடி இரண்டும் கெட்டும் போகலாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. இந்த இரண்டில் எதை வெறிநாய் கடித்தாலும், முதல் பஸ்ஸில் போய் நிற்பேன். அது வாலாட்டினாலும் சரி, உன் கையிலிருந்து வாங்காத தொரட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வேன். அவள் மேல் ஒரு பல் பட்டால், பதினாலு ஊசியும் முடிகிறவரை பஸ் ஏறுவது அவள் வேலை. கிடையில் ஒரு நாய் மிச்சம் இருக்கும். அதோடு நான் இருப்பேன்.

ராசாத்திக்குத் தாய்மாமன்,
உன் தம்பி.