தொலைபேசியில் கேட்ட தோட்டத்துத் தமிழ்

லண்டன்
12.3.1963

அன்புள்ள உம்மாவுக்கு மகன் ராசிக்கின் ஸலாம். நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலியும், ஹட்டன் மழையில் வாப்பாவின் இருமலும் எப்படியிருக்கின்றன?

சனிக்கிழமை பகலில் ஒரு தொண்டர் சங்கத்துக்குப் போகிறேன். உயிரை விட நினைப்பவர்கள் அங்கே தொலைபேசியில் பேசலாம். நாங்கள் காதுகொடுத்துக் கேட்போம். பயப்படாதீர்கள், இந்த வேலை எனக்கு நன்றாகவே வருகிறது.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பேசினார். மனைவி இறந்தபின் வாழப் பிடிக்கவில்லையாம். சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்றவர், என் ஊரை விசாரித்தார். இலங்கையில் ஹட்டன் என்றதும் இங்கிலீஷை விட்டுவிட்டார்.

பிறகு தமிழில், "நான் டயகமப் பக்கம் தேயிலத் தோட்டத்துல தொரையா இருந்தேன், தம்பி. எம் பொஞ்சாதியும் நானும் அங்கதான் வாழ்ந்தோம். இங்க யாருக்கும் அவளத் தெரியாது" என்று அழுதார்.

"அவங்களப் பத்திச் சொல்லுங்க தொர, கேக்குறேன்" என்றேன்.

இரண்டு மணி நேரம் சொன்னார். கடைசியில், "அடுத்த சனிக்கிழம நீ இருப்பியா?" என்றார்.

"இருப்பேன். நீங்களும் இருக்கணும்."

வந்தார், உம்மா. மனைவியின் படத்தோடு நேரிலேயே வந்தார். இப்போது டாக்டரிடமும் போகிறார்.

நம் கடையில் சாமான் சுற்றும் பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் நாலைந்து அனுப்புங்கள். அவருக்கு வேண்டும் என்று எழுதத்தான் நினைத்தேன். உண்மையில் எனக்குத்தான் வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. துஆச் செய்யுங்கள்.

உங்கள் மகன்
ராசிக்