கழுத்தில் தொங்கும் பட்டுப்பை

என் சமையலில் உப்புக் குறை கண்டவருக்கு,

நீங்கள் கோபித்துக்கொண்டு தெற்கே ரோந்தா நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. எனக்கு ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரவில்லை. ஊர்க் கலைவிழாவுக்கு மட்டும் நாற்பது பக்கக் கட்டுரை அனுப்பத் தெரிந்திருக்கிறது.

நேற்று தேவாலயம் நிரம்பி வழிந்தது. ‘நம் ஊரின் புகழ்பெற்றோர்’ என்ற போட்டியில் முதல் பரிசு பெற்ற கட்டுரையைப் போதகர் இத்தெல் சுருக்கி வாசித்தார். முந்நூறு வருடத்துக்கு முன் பாட்டுக் கட்டிய நெசவாளர், முறிந்த எலும்பைச் சேர்த்த வைத்தியர், உலகைச் சுற்றிய கப்பல் தலைவர் எல்லாரும் அதில் வந்தார்கள். கடைசியாக ஒரு மருத்துவச்சி: “பனியில் மலையேறிப் போய் அறுபத்திரண்டு குழந்தைகளைக் கையில் ஏந்தியவர். ஏசுவதில் மூன்று நூற்றாண்டிலும் இவருக்கு நிகரில்லை.”

கூட்டமே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது.

“புனைபெயர் ‘உப்பில்லாத சூப்’. எழுதினவர் எழுந்து நிக்கணும்,” என்றார் போதகர். யாரும் எழவில்லை.

பக்கத்து வீட்டு டெக்வென் என் விலாவில் இடித்தாள். “எந்திரிடி. அந்த சூப் யார் வீட்டுதுன்னு ஊருக்கே தெரியும்.”

வென்றவர் வராவிட்டால் வீட்டார் நிற்பதுதானே வழக்கம். நின்றேன். பரிசுப் பணம் வைத்த பட்டுப்பையை நாடாவோடு என் கழுத்தில் மாட்டினார்கள்.

இன்று காலை பிரசவம் பார்க்கவும் அதோடுதான் போனேன். நீங்கள் போன பிறகு பிறந்ததையும் யாரிடம் கேட்டு எண்ணினீர்களோ, இப்போது அறுபத்து மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். எழுதினவர் வந்துதான் இதைக் கழற்ற வேண்டும். உப்புச் சாடியை உங்கள் நாற்காலிக்கு எதிரே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கம்