சுங்கத்துக்காக உயிரோடு இருந்த அண்ணனுக்கு

வாசலில் சைக்கிளைச் சாய்க்கும்போதே "ஏட்டி, காப்பியப் போடு" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வரும் என் அண்ணே,

உன் ஷூ வந்துவிட்டது.

இந்த ஒரு வரியைக் கேட்க நீ எப்படிக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோதுகூட என்னைப் பார்த்ததும் காய்ச்சலைப் பற்றிப் பேசவில்லை. "பார்சல் நகந்துச்சா?" என்றுதான் கேட்டாய். நகரவில்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது சுங்கக் கிடங்கில் அப்படியேதான் கிடந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். எங்கள் அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. வலது பாதத்தைவிட இடது பாதம் மூன்று சைஸ் சின்னது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, பிளவக்கல் அணை வரை போய் வருவார்.

இடது கால் பெடலில் நிற்காது, நழுவிவிடும். அதனால் கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியை எடுத்து வந்து காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தால் அவ்வளவுதான், அதோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். கூமாப்பட்டி போகும் வழியில் ஆடு குறுக்கே வந்து அப்படித்தான் ஒருதரம் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். இதற்கென்றே ஒரு ஷூ இருக்கிறது. பெடலில் மாட்டிக்கொள்ளும், குதிகாலைத் திருப்பினால் விட்டுவிடும். ஒரே ஜோடியில் இடதுக்கு ஒரு சைஸ், வலதுக்கு ஒரு சைஸ் என்று தருகிற கடையை வெளிநாட்டில் தேடிக் கண்டுபிடித்துப் பணமும் கட்டினார்.

அது விமானம் ஏறி இந்தியா வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம்தான். வந்த பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. இனி உன்னிடமே பேசுகிறேன்.

சுங்கத்திலிருந்து கூரியர்காரன் வழியாக வந்த முதல் மெயில் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு சைஸ் இருப்பதால் இது சொந்த உபயோகத்துக்கு இல்லையாம், வியாபார சாம்பிளாம். இறக்குமதி லைசென்ஸ் நம்பர் கொடு என்றார்கள். நீ சிரித்தாய். "இம்புட்டுதானா, காலக் காட்டிட்டாப் போச்சு" என்றாய். இரண்டு பாதங்களையும் தரையில் வைத்து, நடுவில் ஒரு ஸ்கேலையும் வைத்து, என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னாய்.

அண்ணே, உன் கல்யாணத்தன்றுகூட அந்தக் கால் தெரியாதபடிதான் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கே நீ அதைக் காட்டியதில்லை. முகம் தெரியாத யாருக்கோ அனுப்பி வைத்தாய். அதற்கு வந்த பதிலை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. "படம் தெளிவாக இல்லை. மீண்டும் அனுப்பவும்."

மீண்டும் எடுத்தோம். இந்தமுறை நீ சிரிக்கவில்லை.

சாம்பிள் இல்லை என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு சைஸ் என்றால் இரண்டு ஜோடியைப் பிரித்துத்தானே அனுப்பியிருப்பான், அதனால் மதிப்பு இரண்டு ஜோடிக்கு என்று போட்டார்கள். அதற்குச் சுங்க வரி. ஏற்றி வந்த விமானக் கூலியையும் சரக்கின் மதிப்போடு சேர்த்து அதற்கும் வரி. வரிக்கு மேல் இன்னொரு வரி. எல்லாவற்றையும் கூட்டி அதன் தலையில் ஜிஎஸ்டி. நமக்காக முன்கூட்டிப் பணம் கட்டியதற்காகக் கூரியர்காரனுக்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி. அவர்களே நிறுத்திவைத்த நாட்களுக்கு நாம் கிடங்கு வாடகை தர வேண்டும். மாற்றுத்திறனாளிக்குச் சலுகை உண்டா என்று கேட்டதற்கு, இது விளையாட்டுச் சாமான் என்று பதில் வந்தது. காலைப் பெடலோடு துணியால் கட்டிக்கொண்டு ஒரு மனுசன் விளையாடுகிறானாம்.

"சனியன் தொலையுது, கட்டிரு அண்ணே" என்றேன்.

"ஏட்டி, வரி கட்ட மாட்டேன்னா சொன்னேன்? ஒரு ஜோடிக்கு ரெண்டு ஜோடி வரின்னா அடுத்த ஜோடி எங்கன்னு கேக்கேன். திருத்தட்டும், பொறவு கட்டுறேன்."

நீ கட்டி அனுப்பிய பேண்டேஜ் பொதிகள் எந்தெந்த நாட்டுக்காரன் புண்ணுக்கோ போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தன. அதில் ஒன்றாவது வாசலில் இப்படி மறிக்கப்பட்டதா? நீ மெயில் எழுதிக்கொண்டே இருந்தாய். அவர்கள் "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று பதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு நான் கூரியர் ஆபீசுக்குப் போன் செய்தேன். அண்ணன் தவறிவிட்டார், பார்சலை வீட்டுக்கு அனுப்புங்கள், கேட்ட பணத்தைக் கட்டிவிடுகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அதுதான் நான் செய்த மடத்தனம். அந்தப் பெண் ஒரு "ஸாரி மேடம்" சொன்னாள். பெறுபவர் இல்லையென்றால் பார்சல் திரும்பிப் போகும், கடைக்காரர் திருப்பி எடுக்காவிட்டால் அழித்துவிடுவார்கள் என்றாள். பெயர் மாற்ற வேண்டுமானால் கடைக்காரர் கடிதம், வாரிசுச் சான்றிதழ், புதிதாக மதிப்பீடு, அதுவரை ஏறுகிற வாடகை.

உலகத்தில் வேறு எந்தக் காலுக்கும் சேராத ஜோடி அது. அதைக் குப்பையோடு போட்டு நசுக்குவார்களாம். மறுநாள் மறுபடி போன் செய்தேன். வேறு குரல். "எங்க அண்ணன் வெளியூர் போயிருக்காங்க, நான் தங்கச்சி பேசுதேன்" என்றேன். எல்லாம் மளமளவென்று நடந்தது.

நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் அன்று நடந்ததைக் கேள். ஒரே கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் மதினிக்கு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம். அதில் நீ உயிரோடு இல்லை. பக்கத்து ஜன்னலில் சுங்கத்துக்கு உறுதிமொழி. அதில் "இவற்றை என் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறேன்" என்று நீ சொல்கிறாய். உன் கையெழுத்தை நானே போட்டேன். உன் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நீ போட்டதைவிட நன்றாகவே வந்தது. ஓடிபி வருமே என்று உன் போனுக்கு ரீசார்ஜ் செய்து பையிலேயே வைத்திருந்தேன். இரண்டு ஜோடி வரியையும் கட்டினேன். அரசாங்கத்துக்கு வரி கட்டுவதற்கு நீ உயிரோடு இருக்க வேண்டியிருந்தது, இருந்தாய். எத்தனை பேரிடம் எத்தனை தடவை உன்னை வெளியூர் அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. ச்சீ, என்ன பிழைப்பு இது?

பார்சல் ராஜபாளையத்துக்கு வந்த அன்று நானும் மதினியும் வீட்டில் இருந்தோம்.

"சார் இல்லீங்களா?" என்றார் கொண்டுவந்தவர்.

"வெளியூர் போயிருக்காங்க" என்றேன். நாக்கு பழகிப்போயிருந்தது. உன் போனில் வந்த ஓடிபியைச் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். நிலைப்படியில் மதினி நின்றிருந்தாள்.

"எப்ப வருவாகளாம்?" என்று கேட்டாள்.

அவளுக்குப் புத்தி பிசகவில்லை அண்ணே. தெரிந்துதான் கேட்டாள். அந்த நிமிடம் நான் யார்மேல் அருவருப்புப்பட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஷூவுக்கென்றே நீ முன்கூட்டி வாங்கி டப்பாவோடு வைத்திருந்த பெடலைச் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னேன். ஷூ இரண்டையும் மதினிதான் அதில் பொருத்தினாள். சின்னது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். சைக்கிளை முன்னால் தள்ளினால் பெடல் அசையவில்லை. வாசலில் திருப்புவதற்காகப் பின்னால் இழுத்தாள், இரண்டு ஷூவும் தாமாகவே சுற்றின. இடதுகால் ஷூ நழுவவே இல்லை. மதினி அதைப் பார்த்துக்கொண்டே சைக்கிளைச் சுவர் வரைக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

நேற்று உன் போனுக்குக் கூரியர் ஆபீசிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் இல்லாவிட்டால் போன் செய்வார்களாம்.

செய்யட்டும். இனி யாருக்காகவும் உன்னை வெளியூர் அனுப்ப மாட்டேன். மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "எங்க அண்ணன் செத்துப்போயிட்டாங்க, அவிய காலப் பாத்து 'தெளிவா இல்ல'ன்னு சொன்னது யாரு?" என்று கேட்பேன். பதில் வருகிறவரை போனை வைக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
அந்தப் போட்டோவை இரண்டு தடவை எடுத்த உன் தங்கச்சி